கழற்றாத கையுறை

ஐஸ் ஹாக்கியில் ஐலா ரந்தலா அடித்த பக், அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு, எங்கள் ஊர்ப் பனித்திடலின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய் எல்லைக்கு அப்பால் மினசோட்டாவில் விழுந்தது, அமெரிக்கச் சுங்கக்காரன் அதற்கு வரி கேட்டுக் கடிதம் போட்டான் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். கூரைத் தகரம் நெளிந்தது உண்மை. மினசோட்டா என் கைச்சரக்கு. ஆனால் அவளுடைய கோபத்தைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் கைச்சரக்கே தேவைப்பட்டதில்லை.

என்னிடம் வரலாறு படித்தவள். பாடத்தில் சுமார், பனியில் பேய். இடது ஓரத்தில் முன்கள ஆட்டக்காரி. பதினேழு வயதில் மாகாண இறுதியாட்டம். எதிரணியின் தற்காப்புக்காரி ஜோலீன் மக்ரே, தெற்கே பெரிய ஊர்க்காரி. நடுவர் வேறு பக்கம் திரும்பியிருந்த நேரம் பார்த்து ஐலாவின் இடது மணிக்கட்டில் மட்டையால் ஒரு போடு போட்டாள். எலும்பு முறிந்தது. ஆட்டமும் கைவிட்டுப் போயிற்று.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாக வந்து கை குலுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் கையுறையோடு இடித்துக்கொண்டு போவார்கள். வளர்ந்தவர்கள் இறுதியாட்டத்தில் வலது கையுறையைக் கழற்றியாக வேண்டும். ஐலா ஒடிந்த கையைத் தொங்கவிட்டபடி, வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிக் கையை நீட்டினாள். ஜோலீன் கழற்றவில்லை. கையுறை முஷ்டியால் இவள் விரல்களை இடித்தாள்.

"என்ன பாப்பா, வலிக்குதா? பாப்பாவுக்கெல்லாம் இப்படித்தான். போ, அம்மா பால் ஆத்தி வச்சிருப்பாங்க."

அன்றைக்கு ஐலா ஒரே ஒரு முடிவு செய்தாள். ஜோலீன் தோற்று வர வேண்டும். அவளாகவே அந்தக் கையுறையைக் கழற்றி ஐலாவின் கையைப் பிடிக்க வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால், நீராவியில் வியர்த்துக் குளிக்கும் சவுனாக் குடிசையின் சுவரில் ஒரு பழைய கையுறையை ஆணியடித்து மாட்டினாள். கோடை முழுவதும் அதைக் குறிவைத்துப் பக்கை அடித்தாள். உள்ளே வியர்த்துக்கொண்டிருந்த அவள் அப்பா கத்துவார்: "ஏண்டி, மனுஷன் நிம்மதியா வேக வேண்டாமா?"

பெண்கள் லீக்கில் சேர்ந்தாள். சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பகலில் எரிவாயு உருளை லாரி ஓட்டினாள், மாலையில் பயிற்சி. நாலாம் வருடம் ஜோலீன் தலைவியாக இருந்த அணியிலிருந்தே அழைப்பு வந்தது. நல்ல திடல், நல்ல மருத்துவர், வருடா வருடம் கோப்பை. மாட்டேன் என்றுவிட்டாள். பட்டியலின் அடியில் கிடந்த அணியிலேயே தங்கினாள். கூட ஆடிய மார்த்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கோப்பை வேணாமாடி உனக்கு? லூசா நீ?"

"அவகூடவே ஆடினா அவளை எப்படிடி தோக்கடிக்கிறது?"

பதினொரு வருடம். மூன்று தடவை இறுதியாட்டத்தில் மோதினார்கள். மூன்றிலும் ஜோலீன் ஜெயித்தாள். மூன்று தடவையும் அதே கையுறை, அதே "என்ன பாப்பா?" ஐலாவின் முழங்கால் இரண்டு முறை அறுவைக்குப் போயிற்று. பின்னி வைத்திருந்த கூந்தலில் நரை வந்தது. திருமணம் பேச வந்த ஒருவன், சுவரிலிருந்த கையுறையைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டான். அவள் சொன்ன பதிலைக் கேட்டவன் திரும்பி வரவே இல்லை.

கடைசி வருடம். மருத்துவர் இனி ஆடக்கூடாது என்று எழுதிக் கொடுத்த தாளை லாரியின் இருக்கைக்கடியில் போட்டுவிட்டு இறுதியாட்டத்துக்கு வந்தாள். இரண்டுக்கு இரண்டு; கூடுதல் நேரம்; முதலில் கோல் போட்டவர் ஜெயித்தவர். ஐலா இடது ஓரத்தில் கிளம்பினாள், ஜோலீன் குறுக்கே வந்தாள், ஐலா இடி மாதிரி ஓர் அடி அடித்தாள். பக் வலையின் மேல்மூலையில் போய்ச் சொருகியது. வரிசையில் ஜோலீன் கையுறையைக் கழற்றினாள். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்துவிட்டது. "நீதான் பெரியவ, என்னை மன்னிச்சிரு" என்று தலை குனிந்தாள்.

திடலின் ஐம்பதாம் ஆண்டு மலருக்காக இதுவரை எழுதியதை, எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த ஐலாவிடமே வாசித்துக் காட்டினேன். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"டீச்சர், புளுகாதீங்க. அவ அழவும் இல்ல, மன்னிப்பும் கேக்கல. இடியும் இல்ல, மின்னலும் இல்ல. நான் மார்த்தாவுக்குத் தள்ளின பக் அது. நடுவுல ஜோலீன் மட்டையில பட்டு அவங்க வலைக்குள்ளயே போயிருச்சு."

"கையுறை?"

"கழட்டினா. கையப் புடிச்சுக்கிட்டு காதுகிட்ட வந்து, 'அது நான் போட்டுக்கிட்ட கோலு. உனக்கே தெரியும்'னா. 'தெரியும். ஆனா நம்ம ஆட்டத்துல சொந்த வலையில போட்டுக்கிட்டாலும், எதிரணியில கடைசியா பக்கை யாரு தொட்டாங்களோ அவங்க பேருலதானே கோலை எழுதுவாங்க? ஏட்டுல போய் யாரு பேரு இருக்குன்னு பாரு பாப்பா'ன்னு சொன்னேன். கைய இழுத்துப் பாத்தா. நான் விடல. பின்னாடி மொத்த வரிசையும் நின்னுபோச்சு. அதை எழுதுங்க."