யாகோப்பின் காற்று மெத்தை

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பவுலினாவுக்கு, சக்கர நாற்காலியில் போட ஒரு மெத்தை தேடி அலைந்த அந்த மூன்று மாதத்தில் மனிதர்களே வெறுத்துப்போயிருந்தார்கள். கணவர் யாகோப்புக்குத் தசைகள் ஒவ்வொன்றாக வலுவிழந்துபோகும் நோய். கால்கள் எப்போதோ போய்விட்டன. இப்போது இடுப்பையும் தானாக அசைக்க முடியாது. உட்காரும் இடத்தில் தோல் சிவந்ததைப் பார்த்ததும், பதுளை ஆஸ்பத்திரித் தாதி மிஸ்ஸி சொல்லிவிட்டார்: "இது ஒடஞ்சு புண்ணாச்சுன்னா சக்கரக் கதிரையே கெடையாது. படுக்கைதான்."

வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை நக்கலடிப்பது ஒன்றுதான் யாகோப்புக்கு மிஞ்சியிருந்தது.

அரச அலுவலகம் ஒன்றில் மாலை போட்டு, போட்டோ எடுத்து, சக்கர நாற்காலி கொடுத்தார்கள். அது தோட்ட லயத்து வீட்டுக் கதவுக்குள் நுழையவில்லை. கதவு நிலையைச் செதுக்க வேண்டியிருந்தது. மெத்தை கேட்டால், "அதுக்கு வேற போம் நெரப்பணும்." அந்தப் போம் இன்னும் வந்து சேரவில்லை. பதுளையில் மருந்துக்கடைக்காரர் ஸனூஸ், நடுவில் ஓட்டை போட்ட வளையத்தை எடுத்துப்போட்டார்.

"இது வேணாம்னு டொக்டர் சொல்லிட்டாருங்க."

"எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க, தங்கச்சி."

"எல்லாருக்குமா இந்தத் தசை வருத்தம்?" என்றுவிட்டு பஸ் ஏறினாள்.

கடைசியில் பண்டாரவளையில், இறந்துபோன ஒரு டீச்சரின் வீட்டில், சின்னச் சின்னக் காற்றறைகளாகப் புடைத்த கறுப்பு மெத்தை கிடைத்தது. ஒரு வாரத்தில் சிவப்பு மறைந்தது.

அடுத்த செவ்வாய் ஜெபம் சொல்லி வீடு மந்திரிக்கப் பங்குக் கோயில் சாமி வந்தார். பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு பவுலினா ஓடிவந்து பார்த்தால், பிளாஸ்டிக் கதிரையில், கறுப்பு மெத்தையின் மேல் சாமி. யாகோப்பு சக்கர நாற்காலியின் வெறும் கன்வஸில், பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி.

"அண்ணன்தான் எடுத்துப் போடச் சொன்னாரு அக்கா," என்றான் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் றொனி, பெருமையாக. "ஒரு மணி நேரமா சாமி சொகமா இருக்காரு."

வந்தவருக்கு வீட்டில் இருப்பதிலேயே நல்லதை விரிப்பது லயத்து வழக்கம். புதுப் படுக்கை விரிப்பு, பீங்கான் கோப்பை, இப்போது இது.

"சாமி, எந்திரிங்க."

"ஏய், பவுலினா!" என்றார் யாகோப்பு.

"நீங்க சும்மா இருங்க. அது மெத்த இல்ல சாமி, அவரு மருந்து."

சாமி ஜெபப் புத்தகத்தோடு துள்ளி எழுந்தார். "யாருமே சொல்லலயேம்மா..." மீதி ஜெபத்தையும் தேத்தண்ணியையும் நின்றுகொண்டே முடித்தார்.

"ஊருக்கு முன்னால மானத்த வாங்கிட்ட," என்றார் யாகோப்பு, சாமி படியிறங்கியதும்.

பவுலினா கதவைச் சாத்தினாள். றொனியை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, அவரைக் கட்டிலில் ஒருக்களித்துப் போட்டு, சாரத்தை இறக்கிப் பார்த்தாள். தோல் உடையவில்லை. ஆனால் விரலால் அழுத்தினாலும் வெளிறாத சிவப்பு, புண்ணின் முதல் அடையாளம்.

"என்ன தெரியுது?" என்றார் யாகோப்பு.

"ஒங்க மரியாததான் தெரியுது. உள்ளங்கையளவுக்குச் செவந்து கெடக்கு. ரெண்டு நாளைக்குக் கதிரையும் இல்ல, வாசலும் இல்ல."

"ரெண்டு நாளா?"

"மூணு."