பத்தடி பின்னால் போன தேவராஜ் பிள்ளை

புதன்கிழமை காலை பண்டார் ஹிலிரில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். கணக்கு எழுதும் எங்கள் கிராணி வேர்க்க வேர்க்க வந்தார். "சின்னையா, பிள்ளை போயிட்டாருப்பா. தூக்கத்துலயே" என்றார். மூட்டையைத் தோளில் வைத்தபடியே நின்றேன். இறக்கி வைக்கத் தோன்றவில்லை.

காஜா பெராங் கம்போங் செட்டியில் பிறந்தவர் தேவராஜ் பிள்ளை. அவரும் நானும் ஒரே முதலாளியிடம் பதினைந்து வருடம் வண்டி ஓட்டினோம். பல தலைமுறைக்கு முன்பே வந்து தங்கிவிட்ட தமிழர்கள் என்பதால் அவர் வீட்டில் பேச்சு மலாய்தான். தமிழை எங்களைப் போன்ற டிரைவர்களிடம் கற்றுக்கொண்டார். அதனால் வசவுகள்தான் அவருக்கு முதலில் வந்தன. அவர் வீட்டுக் கத்தரிக்காய் சம்பாலைப் பற்றி எழுதினால் இந்தக் காகிதம் போதாது. விடுகிறேன்.

ஜப்பான்காரன் மலாய் நாட்டை விட்டுப் போன பிறகு, பட்டாளத்தில் கழித்துவிட்ட பிக்கப் ஒன்றை முதலாளி ஏலத்தில் எடுத்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. அதற்கென்று கியர் பக்கத்தில் தனியாக ஒரு கம்பி; போட்டால் நான்கும் இழுக்கும், எடுத்தால் பின்சக்கரம் மட்டும். பலம் இருக்கும்போது அதைச் சும்மா வைப்பானேன் என்று, நாங்கள் கம்பியைப் போட்டபடியே தார் ரோட்டிலும் பறப்போம். பிள்ளை மட்டும் சேற்றுக்கு முன்னாலேயே நிறுத்தி, இறங்கிப் பார்த்து, கம்பியைப் போட்டு நகர்வார். தார் ரோடு ஏறியதும் மறுபடி நிறுத்தி எடுத்துவிடுவார். மெதுவாகப் போவதை மலாயில் பெலான் என்பார்கள். அவருக்குப் 'பெலான் பிள்ளை' என்றே பெயர் வைத்தோம்.

"ஏன் பிள்ளே, மாட்டு வண்டி வாங்கித் தரட்டுமா?" என்பேன்.

"சேத்துல சக்கரம் வழுக்கும், சின்னையா. கியர் பல்லுக்கு நோவாது. தார்ல வழுக்காது. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கும். உள்ள பல்லு ஒடையும்டா, மடையா."

நான் கேட்கவில்லை. ஒருநாள் என் கையில்தான் கியர் பல் உடைந்தது. வண்டி மூன்று வாரம் பட்டறையில் கிடந்தது.

நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த வருடம், மழைக்காலம். என் மனைவி லெட்சுமி பிரசவத்துக்குத் தோட்டத்தில் தாய் வீட்டில் இருந்தாள். குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டதாக ஆள் வந்து சொன்னான். வெளியே வர மூன்று மைல் செம்மண் பாதை, முழங்கால் சேறு. அந்தச் சேற்றில் ஓட்ட என்னை நானே நம்பவில்லை. பிள்ளையிடம் ஓடினேன். கேள்வி கேட்காமல் பிக்கப்பை எடுத்தார்.

லெட்சுமியையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு எறும்பு போல ஊர்ந்தார். வண்டி ஓரிடத்திலும் சிக்கவில்லை. தார் ரோடு ஏறிச் சிறிது தூரம் போனதும் நிறுத்தினார். கம்பியை இழுத்தார். வரவில்லை, இறுகிவிட்டது. உடனே பின் கியர் போட்டார்.

மாமியார் அலறிவிட்டார். "ஐயோ, புள்ளத்தாச்சிய ஏத்திக்கிட்டுக் கெளம்பின வண்டி பின்னால போலாமா? வெளங்குமா?"

எங்கள் பக்கம் அப்படித்தான். நல்லதுக்குப் புறப்பட்டால் ஓரடியும் திரும்பக் கூடாது. நானும் அவர் கையைப் பிடித்தேன். "போட்டபடியே போங்க பிள்ளே! ஆஸ்பத்திரி வரைக்கும்தானே?"

"கைய எடு. பல்லு ஒடைஞ்சா இங்கயே நிக்கணும். நீயா தூக்கிட்டு நடப்பே?" பிறகு மாமியாரிடம் குரலைத் தாழ்த்தினார். "பத்தடிதாம்மா. வீட்டுக்குத் திரும்பல. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

வண்டி பத்தடி பின்னால் போனது. இறுக்கம் விட்டு, கம்பி விரலுக்கு வந்தது. அதன் பிறகு அவர் ஓட்டிய ஓட்டத்தை, 'பெலான்' என்று பெயர் வைத்தவர்களெல்லாம் பார்த்திருக்க வேண்டும்.

தாயும் மகளுமாக இரண்டு உயிரும் தங்கின. "அந்த ரோட்டுல எப்படிப்பா வந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். பிள்ளை சட்டைச் சேற்றைச் சுரண்டிக்கொண்டே, "பெலான் பெலான், டாக்டர்" என்றார்.

இன்று எங்கள் முதலாளியின் டிரைவர்கள் எல்லோரும் தார் ரோடு ஏறியதும் நிறுத்திக் கம்பியை எடுக்கிறார்கள். இறுகினால் பத்தடி பின்னால் போகிறார்கள். யாரும் சிரிப்பதில்லை. முதலில் நிறுத்துகிறவன் நான்தான்.

நேற்று கம்போங் செட்டியில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். உறவில்லாத நாங்கள் வாசலோடு நின்றோம். உறவுக்காரர்கள் வாய்க்கரிசி போட்டு முடிந்ததும், அவர் மனைவி என் மகளைப் பார்த்து, "மாரி சினி" என்று கையை நீட்டினார். இங்கே வா என்று அர்த்தம். லெட்சுமி அவளைத் தூக்கிக்கொண்டு போனாள். சின்னக் கை, கொஞ்சம் அரிசிதான் கொண்டது. சிந்தாமல் போட்டாள்.

போய் வாருங்கள், பிள்ளை. எங்கள் வீட்டிலிருந்தும் ஒரு கை உங்களுக்கு அரிசி போட்டது. அது நீங்கள் கொண்டுவந்து சேர்த்த கை.