பன்னிரண்டு படிகள்

ஓடிப்போனாள் என்று மட்டும் சொல்ல வேண்டாம். ஹோம்புஷ் ஃபிளாட்டின் கீழ்வீட்டு வள்ளியம்மா அப்படித்தான் சொல்லித் திரிந்தாள். அவள் வாய்க்கு ஓய்வேது? இராஜேஸ்வரி ஓடவில்லை. காலை பத்து மணிக்கு, வள்ளியம்மாவே பார்க்க, நடந்துதான் போனாள். மேல்மாடி யூதப் பெட்டை மருந்து போட்டு மயக்கிவிட்டாளாம்! என்ன மருந்து? அந்தப் பெட்டைக்கு ஒரு தேத்தண்ணி ஒழுங்காகப் போடத் தெரியாது.

பெட்டையின் பெயர் யாயெல். இஸ்ரேலிலிருந்து படிக்க வந்தவள், கவிதை எழுதுவாள். இராஜேஸ்வரிக்குப் பரமட்டாவில் டைப் அடிக்கும் வேலை. இருவருக்கும் காலை ரயிலில் பழக்கம். யாயெல் தன் கவிதைகளை இங்கிலிசில் சொல்லுவாள். இராஜேஸ்வரி குசினியில் சோறு வடித்தபடி அதையே தமிழில் சொல்லிப் பார்ப்பாள். பதினொரு வருடக் கலியாணத்தில் அவள் தனக்கென்று செய்துகொண்டது அது ஒன்றுதான்.

புருஷன் ஜெயரட்ணம், இந்த வெள்ளைக்கார ஊரில் நம் ஆட்கள் நடத்தும் தமிழர் மன்றத்தின் செயலாளர். நல்ல மனிதர், ஆனால் மைக் கையில் கிடைத்தால் கீழே வைக்கமாட்டார். எழுபத்தெட்டாம் ஆண்டு பொங்கலுக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் கவியரங்கம் வைத்தார். வெள்ளைக்காரக் கவிஞர் ஒருவர் மேடையில் இருந்தால் மன்றத்துக்கு மதிப்பு என்று யாயெலையும் கூப்பிட்டார். என்ன எழுதுகிறாள் என்று கேட்கவேயில்லை. மொழிபெயர்க்க மனைவி இருக்கிறாளே!

யாயெல் வாசித்தாள், இராஜேஸ்வரி தமிழில் சொன்னாள்.

“அவன் எல்லையில் நிற்கிறான். அவன் தோளின் உப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது. அவன் வராத கட்டிலில் நான் இரண்டு பக்கமும் படுக்கிறேன்.”

மண்டபம் உருகிவிட்டது. பெண்ணொருத்தி வராதவனை நினைத்து ஏங்கினால் நம் ஆட்களுக்கு வேறென்ன தோன்றும்? முன்வரிசையில் வள்ளியம்மா கண்ணை மூடி, “முருகா!” என்றாள். பின்னால் கைகள் தலைக்கு மேலே போயின. ஜெயரட்ணத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

யாயெல் மெதுவாக, “ஏன் கும்பிடுகிறார்கள்?” என்று கேட்டாள்.

“கடவுளைத்தான் பாடுகிறாய் என்று நினைக்கிறார்கள்.”

“கடவுளா? அவன் சாக்ஸோடு படுப்பவன்! கடைசி அடியைச் சொல். அதற்காகத்தான் மற்றதெல்லாம் எழுதினேன்.”

ஜெயரட்ணம் மைக்கைக் கையால் பொத்தினார். “இஞ்சாரும், இதோடை விடும். நல்லா முடிஞ்சிட்டுது.”

இராஜேஸ்வரி அவர் கையை எடுத்துவிட்டாள்.

“இது சாமியில்லை,” என்றாள். “இவவின்ரை ஆள், பட்டாளத்திலை நிக்கிறான். கடைசி அடி இதுதான்: அமைச்சரே, நிலம் முழுவதையும் நீரே வைத்துக்கொள்ளும். என் ஆளை என் கட்டிலுக்குத் திருப்பி அனுப்பும்.”

தூக்கிய கைகளை எங்கே வைப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. வள்ளியம்மா தன் கையைத் தலை சொறியப் பயன்படுத்திக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. ஜெயரட்ணம் கதிரையை விட்டு எழும்பாமல் சொன்னார்: “பின்னேரம் மன்றக் கூட்டத்திலை, ‘நான்தான் தமிழிலை பிழையாச் சொல்லிப்போட்டன்’ எண்டு நீர் சொல்லும். அது பக்திப் பாட்டுத்தான் எண்டு முடிச்சிடுவம்.”

“நான் பிழையாச் சொல்லேல்லையே.”

“ஆருக்கு வேணும் அது? சொல்லேலாதெண்டால் இந்த வீட்டிலை இருக்கேலாது.”

அவர் அதை மைக் முன்னால் சொல்வதுபோலத்தான் சொன்னார். கைதட்டல் வரும் என்று நினைத்தாரோ என்னவோ. இராஜேஸ்வரி சோற்றை வடித்தாள். பருப்பை இறக்கினாள். இரண்டு சேலையும் வேலைக்குப் போடும் சட்டையும் ஒரு பையில் வைத்தாள்.

“இஞ்சாருங்கோ, சோறு மேசையிலை. அப்பளம் பொரிக்கேல்லை. பொரிக்கத் தெரியுமோ?”

“எங்கை போறீர்?”

“மேலை.”

வாசலில் வள்ளியம்மா, காய்ந்த துணியோடு சும்மா நின்றாள். “எங்கை பிள்ளை, பையோடை?”

“உங்கடை முருகனைத் தேடித்தான் அன்ரி,” என்று சிரித்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, பன்னிரண்டு படியும் ஏறினாள்.