ஆயிரம் நாமமும் ஒரு பேரும்

தொண்ணூற்றாறாம் வருஷம் தூத்துக்குடி நகராட்சித் தேர்தலில் நான் பட்ட பாடு, நின்று தோற்றவர்கள்கூடப் பட்டிருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் நின்றது நானில்லை, என் மனைவி. எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஆனது. தெருக்குழாய்க்காக நகராட்சி வாசலில் வெறுங்குடத்தோடு போய் உட்கார்ந்தவள் அவள் என்பதால், தெருவே சேர்ந்து அவளைச் சுயேச்சையாக நிறுத்தியது. ஆட்டோவில் மைக் பிடிப்பது என் பொறுப்பு. கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் குமாஸ்தா, நாலு புத்தகம் படித்தவன், பேசிவிடுவான் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

அவள் பேரை நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. என் அம்மாவுக்கும் அதே பேர். அம்மா பேரைச் சொல்லி, "காப்பி எங்கே" என்று மனைவியிடம் கேட்க எங்கள் தென்திருப்பேரைப் பக்கம் யாருக்கும் நாக்கு எழும்பாது. அதனால் கல்யாணத்தன்றே அவள் 'இந்தா' ஆகிவிட்டாள். அம்மா பரமபதித்த பிறகும் 'இந்தா'வே நிலைத்துவிட்டது. தினமும் காலையில் பெருமாளின் ஆயிரம் நாமத்தையும் பிசகாமல் சொல்லுகிற வாய்தான் இது.

மைக்கில் என்ன சொல்ல? "எங்க வீட்ல நிக்காங்க. தையல் மெஷின் சின்னம். எங்க வீட்ல நிக்காங்க."

கடற்கரைத் தெருவில் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு அம்மாள் ஆட்டோவை மறித்தாள்.

"ஏ அண்ணாச்சி, ஒங்க வீட்ல நிக்கவளுக்குப் பேரே கெடையாதா? எங்க வள்ளத்துக்கே நாங்க பேரு வச்சிருக்கோம்லா."

தெரு சிரித்தது. ஆட்டோக்காரரும் சிரித்தார். ஆட்டோவில் என் பக்கத்தில் இருந்த மனைவி இறங்கி, உப்புக்காற்றில் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

அன்று சாப்பாடு போடும்போது சொன்னாள்: "நாளைக்கு நான் வரல. அந்த 'எங்க வீட்ல'யே போய் ஓட்டுக் கேக்கட்டும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சோர்ந்துபோய்ச் சொன்னாள். அவள் ஒதுங்கினால் குழாயும் போச்சு, அவள் முகத்தில் அந்த ஒரு மாதமாக இருந்த வெளிச்சமும் போச்சு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

விடிந்ததும் பெருமாள் கோயிலுக்குப் போனேன். என்ன வேண்டுவது என்றுகூடத் தெரியவில்லை. என் நாக்கை நீர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நின்றேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிய பட்டர், "யார் பேருக்கு?" என்றார்.

"குடும்பத்துக்கு," என்றேன், வழக்கம்போல.

"குடும்பத்துக்கு ஏது ஓய் நட்சத்திரம்? பேரைச் சொல்லும்."

பெருமாளைப் பார்த்தேன். அவர் எனக்காக ஒன்றும் பேசுவதாகத் தெரியவில்லை. எங்கிருந்தோ வந்தது.

"அலமேலு. உத்திரட்டாதி."

பட்டர் அதை உரக்கச் சொன்னார். அந்தக் கல் மண்டபத்தில் அவள் பேர் சுற்றி வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தட்டை வாங்க மறந்து வெளியே வந்துவிட்டேன்.

நேராக ஆட்டோ. எங்கள் தெருமுனையிலேயே மைக்கைப் போடச் சொன்னேன். "உங்கள் அலமேலு. தையல் மெஷின் சின்னம். அலமேலு. அலமேலு." ஆட்டோக்காரர் பயந்துபோய், "அண்ணாச்சி, மூச்சு விடுங்க," என்றார். அவள் வாசலுக்கு வந்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு வந்து ஏறி உட்கார்ந்தாள்.

"போதும். தொண்டை கட்டிரும்," என்றாள்.

ஜெயித்தாளா என்பீர்கள். ஜெயித்தாள், குழாயும் வந்தது. அதையெல்லாம் நான் கேட்கவேயில்லை. கொசுறாகப் போட்டார் பெருமாள்.

அன்பர்களே, உங்களுக்கும் வாயடைத்துப்போகும் வேளை வரும். அப்போது சன்னதியில் போய் நில்லுங்கள். பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். யாருக்காக நிற்கிறீர்களோ அவர் பேரைச் சொல்லிக் கேளுங்கள். மிச்சத்தைப் பெருமாள் பார்த்துக்கொள்வார்.

இப்போது தேர்தல் இல்லை, மைக் இல்லை. துறைமுகச் சங்கு ஊதி நான் வீடு திரும்பும்போது வாசலில் நின்று, "அலமேலு," என்கிறேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."