உதடு அசையாத செபம்

சங்கு குளிப்பவனுக்குப் பெண்டாட்டியின் அண்ணன்தான் படகில் கயிறு பிடிக்க வேண்டும். தங்கச்சி தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்று எங்கள் கடற்கரையில் ஒரு நம்பிக்கை. உலக யுத்த காலத்தில் நான் என் மச்சானுக்குக் கயிறு பிடித்தேன்.

கோயிலில் எல்லாரும் சத்தமாகச் செபமாலை சொல்ல, அவன் மட்டும் கண்ணை மூடி உதடு அசையாமல் இருப்பான். யாரோ இந்துச் சந்நியாசியிடம் தியானம் படித்துவிட்டான் என்று பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அதனால் திருவிழாவில் மாதா சுரூபம் தூக்க அவனைச் சேர்க்கவில்லை.

பிறகு கடலில் கேட்டேன். “கோயில்ல என்னதான் செய்யுத, மச்சான்?”

“செபந்தான் சொல்லுதேன். தண்ணிக்குள்ள வாயத் திறக்க முடியுமா? அங்கன மனசுக்குள்ளயே சொல்லிப் பழகிட்டு. இத நீரு சாமியார்ட்ட போறதுக்கு முன்னால கேட்டிருக்கலாம்.”

கயிற்றை வேறொருவன் கையில் கொடுத்துவிட்டு இறங்கினான். சந்தேகப்பட அவனுக்குத்தான் காரணம் இருந்தது.