மீதியைப் பாடாத அண்ணி

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள் என் அண்ணன். அவனைப் பேசவைக்க அண்ணி ஒரு வழி வைத்திருக்கிறார். "நாளைக்குத் துணியெல்லாம்..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டு, அவனையே பார்த்துக்கொண்டு நிற்பார். தாங்க முடியாமல், "நானே துவைச்சுடறேன்" என்பான் அண்ணன்.

அண்ணிக்குப் பகலில் மருந்துக்கடையில் வேலை. சனிக்கிழமை மாலை ஒரு ஹோட்டலில் பாடுவார். அண்ணன் டிரம்ஸ், நான் கீபோர்டு. வாரம் முழுவதும் அண்ணிக்கு உயிர் அந்த ஒரு மாலைதான். சாப்பிட வருகிறவர்களுக்கோ நாங்கள் மின்விசிறி மாதிரி. ஓடுகிறவரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஒருநாள் மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "இன்னைக்கும் யாரும் கவனிக்கலேன்னா, அடுத்த வாரத்துலேருந்து ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக்குறோம்மா." அண்ணியின் முகம் சுண்டிவிட்டது. எனக்கோ ஆத்திரம். ஸ்பீக்கருக்குத் தொண்டை கட்டாது, அவ்வளவுதானே அதன் பெருமை!

"எல்லாரும் கை தட்டுங்க!" என்று மைக்கில் கத்தினேன். சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன். எதை வைத்துத் தட்டுவார்கள்?

"நீ சும்மா இரு தம்பி," என்றார் அண்ணி.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய பாட்டை எடுத்தார். இரண்டாவது வரியில் கடைசிச் சொல்லைப் பாடாமல் நிறுத்தி, எங்களையும் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது. மைக் போய்விட்டதென்று மேனேஜர் பதறி ஓடிவந்தார். அண்ணி அசையவில்லை. வீட்டில் அண்ணனைப் பார்ப்பது போலவே மொத்தக் கூடத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், நீட்டிய கரண்டியோடு அந்தச் சொல்லைப் பாடிவிட்டாள். அண்ணி தலையசைத்து அடுத்த வரிக்குப் போனார். அதிலும் கடைசிச் சொல் பாக்கி. இந்தத் தடவை நாலைந்து மேசைகள் பாடின, சுருதி என்ன விலை என்று கேட்கிற குரல்களில். பரிமாறுகிறவர்கள்கூடத் தட்டும் கையுமாக நின்று பாடினார்கள். கூட்டத்துக்குக் காது இல்லை என்று இத்தனை நாள் நான்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் வாய் திறக்க நாங்கள் இடம் விட்டால்தானே?

ஒயரைச் சுருட்டும்போது மேனேஜர் வந்தார். "அடுத்த வாரத்துலேருந்து..." என்று இழுத்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அண்ணி அண்ணனைப் பார்த்தார்.

"அரை மணி நேரம் முன்னாடியே வந்துடறோம் சார்," என்றான் அண்ணன்.