உழவு இயந்திரத்தின் பற்றறியில் ஓடிய பிளாஸ்மா

நான் என்ன ஆராய்ச்சி செய்தேன் என்று தர்மபுரத்தில் யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். கேட்காவிட்டால் இன்னும் எரிச்சல் வரும்.

காற்று முடிந்த உயரத்தில் மின்னேறிய அணுக்கள், அதாவது அயன்கள், கலந்து திரிகின்றன. அதுதான் பிளாஸ்மா. பூமியின் காந்தப்புலம் அவற்றை நேரே போக விடாமல் வட்டமடிக்க வைக்கும். ஐதரசன் அயன் லேசானது, சின்ன வட்டம். ஒட்சிசன் பாரமானது, பெரிய வட்டம், ஆறுதலாகத்தான் சுற்றும். இரண்டும் கலந்தால், தனித்தனியே எதிலும் இல்லாத ஓர் அலை இரண்டின் சுற்று வேகங்களுக்கும் நடுவில் பிறக்கும். கணக்குச் சுலபமாகட்டும் என்று எல்லாவற்றையும் சராசரியாக்கி ஒரே அயனாக எடுத்தால் அந்த அலை காணாமல் போய்விடும். ஒட்சிசன் கூடக்கூட அந்த அலைக்கு என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி.

அதைக் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தொடங்கினால் நாட்கணக்கில் நிற்கக்கூடாது. எங்கள் ஊர்க் கரண்டுக்கு அது தெரியுமா? பாதியில் அறுந்த ஒரு நாள் உட்கார்ந்திருந்த கதிரையைக் காலால் தள்ளிவிட்டு அழுதேன். அப்பா சின்ன வயதில் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து, காடு வெட்டிக் கமம் செய்தவர். ஒன்றும் கேட்காமல் உழவு இயந்திரத்தின் பற்றறியைக் கழற்றி வந்து இன்வேட்டரில் பூட்டினார். விதைப்புக் காலம் அது. சுற்றியுள்ளவர்கள் உழுது முடித்தார்கள், எங்கள் வயல் புல்லோடு கிடந்தது.

"ஓடுதா புள்ள?" என்று சாப்பிடும்போதெல்லாம் கேட்பார்.

"ஓமப்பா, ஓடுது."

அதற்குள் பல்கலைக்கழகத்தில் என் ஆராய்ச்சிக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். போகக்கூடியவர்கள் எல்லாரும் போய்க்கொண்டிருந்த வருடம், யாரைக் குறை சொல்ல? அங்கேயிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் எடுத்தா. "தங்கச்சி, உங்கட தலைப்பைப் பார்க்க இங்க இனி ஆக்கள் இல்லை. வேற தலைப்பு எடுங்கோ, இல்லாட்டிப் பதிவை நிப்பாட்டுங்கோ" என்று மரியாதையாகத்தான் சொன்னா.

நான் கணினி ஓட்டத்தை நிறுத்தவில்லை. வெறும் வீம்பு. அப்பாவுக்கும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் ஓட்டம் முடிந்தது. வரைந்து பார்த்தேன். அலை இருந்தது. ஒட்சிசன் கூடக்கூட, நான் நினைத்தபடியே, ஐதரசனின் பக்கமாக நகர்ந்துகொண்டு போனது. ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு, இதைப் பார்த்து விளங்கிக்கொள்ள இங்கே ஒருவரும் இல்லை என்பது நெஞ்சில் இறங்கியது. அவ்வளவு தனிமையை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

அப்பா வாசலில் நின்றார். "முடிஞ்சிருச்சா?"

"ஓமப்பா."

"சரியா வந்துச்சா?"

"சரியா வந்தது."

"இனி யாருகிட்ட புள்ள குடுக்கணும்?"

நான் கணினியை மூடினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப," என்றார் மெதுவாக, "பற்றறியக் கழட்டிக்கவா?"